கம்பஸுக்குப் புதிதாகப் போனவர்களுக்கு

வந்தாறுமூலையிலோ (கிழக்குப் பல்கலைக்கழகம்) ஒலுவிலிலோ (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) விடுதியில் நிற்கிற தம்பி, தங்கச்சிமாருக்கு: லெக்சர் நேரசூசி மட்டும் போதாது. தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் (occupational therapists, அன்றாட வேலைகளைச் செய்ய முடியாமல் தவிக்கிறவர்களுக்கு உதவுகிறவர்கள்) படிப்போடு நித்திரை, சாப்பாடு, உடுப்புத் துவைப்பு, விளையாட்டு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். நீங்களும் ஒரு கிழமைக்கு, செய்ததை மணித்தியால வாரியாக எழுதிப் பாருங்கள் (ரீல்ஸ் பார்த்ததையும்தான்!). பிறகு எழும்பும் நேரத்தை மட்டும் முதலில் நிலையாக்குங்கள். மூளை தெளிவாக இருக்கிற நேரத்துக்குக் கஷ்டமான பாடம். மத்தியான வெக்கையில் உடுப்புத் துவைப்பு. அசைன்மென்டைத் தொடங்கவே முடியவில்லையா? "ஃபைலைத் திறந்து தலைப்பை அடி" என்கிற அளவுக்குச் சின்னதாக உடையுங்கள். போனைக் கட்டிலுக்கு எட்டாத பிளக்கில் சார்ஜ் போடுங்கள். இரண்டு மூன்று கிழமையாகியும் குளிக்க, சாப்பிட, வகுப்புக்குப் போக மனமே வராவிட்டால் மாணவர் ஆலோசகரிடமோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ சொல்லி, தொழில்வழிச் சிகிச்சைக்கு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள்.