வீடு கட்ட காண்ட்ராக்டரா, பிராஜெக்ட் மேனேஜரா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் வீடு கட்டுகிறவர்களில் பலர் கல்ஃபில் இருக்கிறார்கள். மொத்தமாகக் காண்ட்ராக்டரிடம் விடுவதா, ஒரு பிராஜெக்ட் மேனேஜரை வைத்து நாமே கட்டுவதா என்று அங்கிருந்தபடிதான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

இரண்டையும் ரேட்டை மட்டும் வைத்து ஒப்பிடுவதிலிருந்தே தவறு தொடங்குகிறது. காண்ட்ராக்டர் பேசிய விலைக்குள் வீட்டை முடித்துத் தர ஒப்புக்கொள்கிறவர். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, கம்பி விலை ஏறினாலும் கொத்தனார் வராமல் போனாலும் அது அவர் பாடு. அவருடைய லாபமும் அந்த விலைக்குள்தான் இருக்கிறது. பிராஜெக்ட் மேனேஜர் உங்கள் சார்பில் வேலையை நடத்தித் தரும் உங்கள் ஆள். கொத்தனார், சென்ட்ரிங், பிளம்பிங், வயரிங் எல்லா ஒப்பந்தமும் உங்கள் பெயரில் இருக்கும். விலை ஏறினால் உங்கள் பணம் போகும், மிச்சமானால் உங்களுக்கு. செலவில் இத்தனை சதவீதம் என்று அவருக்குக் கட்டணம் பேசாதீர்கள். செலவு கூடினால் அவர் வருமானமும் கூடும். ஒரே தொகையாகப் பேசுவது நல்லது.

ரொம்ப ஆபத்தானது, காண்ட்ராக்டரே "நம்ம இன்ஜினியர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்வதை நம்புவது. கட்டுகிறவரிடம் சம்பளம் வாங்குகிறவர் அவர் வேலையைத் தடுத்து நிறுத்த மாட்டார். பார்க்கிறவருக்கு உங்கள் கையிலிருந்துதான் சம்பளம் போக வேண்டும். கடைக்காரரிடமும் அவர் கமிஷன் வாங்கக் கூடாது. இதை எழுத்தில் போடுங்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் கான்கிரீட்டைப் பாருங்கள். குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே கட்டும் வீட்டுக்கும் முட்டத்தில் கடலைப் பார்த்து நிற்கும் வீட்டுக்கும் ஒரே சதுர அடி ரேட் சொல்கிறவர்கள் உண்டு. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 (2000) விதிப்படி, கடற்கரைச் சூழல் நேரடியாகப் படும் கம்பி கான்கிரீட் குறைந்தது எம்30 தரத்தில் (எண் கூடினால் வலிமை கூடும்) இருக்க வேண்டும். கம்பிக்கு வெளியே அதை மூடும் கான்கிரீட், அதாவது கவர், 45 மி.மீ. வேண்டும். பாதிப்பில்லாத இடத்துக்கு எம்20, 20 மி.மீ. போதும். கவர் குறைந்தால் உப்புக்காற்று கம்பியை எட்டும், துரு பருத்துக் கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். கான்கிரீட் போட்ட பிறகு இதைக் கண்ணால் பார்க்க முடியாது. கான்கிரீட் போடும் நாள் காலையில், லாரி வரும் முன்னே, ஸ்கேலோடு ஒருவர் சென்ட்ரிங் தட்டின் மேல் நிற்க வேண்டும்.

ஸ்லாபைத் தாங்கும் முட்டுகளைப் பிரிப்பதும் அப்படித்தான். வாடகைக்கு வந்த தட்டையும் முட்டையும் சீக்கிரம் திருப்பிக் கொடுக்கத்தான் அவசரப்படுவார்கள். சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட் என்றால் தாங்கும் சுவர்களுக்கோ பீம்களுக்கோ நடுவே 4.5 மீட்டர் வரையுள்ள ஸ்லாபுக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் முட்டு நிற்க வேண்டும். பி.பி.சி. (எரிசாம்பல் போன்றவை கலந்த போர்ட்லாண்ட் பொசோலானா) சிமெண்டுக்கு இன்னும் கூடுதலாக விடுவதே பாதுகாப்பு.

மேனேஜரை வைத்துவிட்டு, கொத்தனார் போன் செய்தவுடன் நேராகப் பணம் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதன் பிறகு சைட்டில் அவர் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள். அவர் அளந்து பில்லில் கையெழுத்துப் போட்ட பிறகே, உங்கள் கணக்கிலிருந்து பணம் போகட்டும். பணம் அவர் கை வழியாகவும் போக வேண்டாம். காண்ட்ராக்டரோ மேனேஜரோ, ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, பால்காய்ப்பு முடிந்து ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகு கொடுங்கள். மாடி ஒழுகுகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

மழையை ஒப்பந்தத்தில் மறப்பதும் இங்கே வழக்கம். குமரிக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. எத்தனை மழை நாளைக் கணக்கில் சேர்ப்பது என்று முன்கூட்டியே எழுதாவிட்டால், ஒவ்வொரு தாமதத்துக்கும் மழையே காரணமாகிவிடும்.

ஊரிலிருக்கும் மச்சானையோ அப்பாவையோ மேற்பார்வைக்கு நிறுத்துவதை நான் ஆதரிக்கவில்லை. பாசத்தில் குறையில்லை, ஆனால் கம்பி இடைவெளி தெரியாமல், முகத்துக்கு நேரே "பிரித்துக் கட்டு" என்று சொல்லவும் முடியாமல் அவர்கள்தான் தவிக்கிறார்கள்.

ஒரு மாடி வீடு, நீங்களும் ஊரில் இருக்கிறீர்கள் என்றால் நல்ல காண்ட்ராக்டர் போதும். அஸ்திவாரம், பெல்ட் (அஸ்திவாரத்தின் மேல் ஓடும் கான்கிரீட் பட்டை), லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வருவது), ஸ்லாப் கட்டங்களில் மட்டும் வெளி இன்ஜினியர் ஒருவரைக் காசு கொடுத்து வரவழையுங்கள். இரண்டு மூன்று மாடி, நீங்கள் வெளிநாட்டில் என்றால் மேனேஜருக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை. அவரை வானம் தோண்டும் முன்னே, பிளான் மேசையில் இருக்கும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் விபத்துக் காப்பீடு யார் பெயரில் என்பதையும் அன்றே பேசி முடியுங்கள். மேனேஜர் முறையில் அந்தப் பொறுப்பை ஏற்க நடுவில் காண்ட்ராக்டர் இருக்க மாட்டார்.