டார்ச்சும் பரீட்சை அட்டையும் போதும்: பூமத்திய ரேகை ஏன் சூடு, துருவம் ஏன் குளிர்?

"துருவம் சூரியனிலிருந்து தூரம், அதான் குளிர்" என்று இன்னமும் பல பேர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சூரியன் இருப்பதோ சுமார் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி, பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். இதில் துருவம் மட்டும் எவ்வளவு தள்ளிப் போய்விடும்? விஷயம் வெயில் விழும் கோணத்தில் இருக்கிறது. மகளின் பள்ளி ப்ராஜெக்டுக்காக மேஜையில் செய்து பார்த்தோம், நன்றாகவே வந்தது.

தேவையானவை: ஒரு சென்டிமீட்டர் கட்டம் போட்ட தாள், பரீட்சை அட்டை, கோணமானி, பென்சில், டார்ச். செல்போன் டார்ச் வேண்டவே வேண்டாம், அந்த வெளிச்சம் அறை முழுக்கப் பரவும். ஒற்றை எல்இடி பென் டார்ச்தான் என் சாய்ஸ். அதன் வாயில் கருப்புச் சார்ட்டைக் குழாய்போல் சுற்றி ஒட்டினால் வட்டத்தின் ஓரம் தெளிவாக விழும்.

படி 1: மேஜையில் நீளமாக ஒரு கோடு போட்டு, ஒரு முனையில் டார்ச்சைப் புத்தகத்தின் மேல் படுக்கவைத்து டேப் போடுங்கள். 30 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி.

படி 2: அந்தப் புள்ளி வழியாக 90, 30, 12 டிகிரியில் மூன்று கோடுகள். இங்கேதான் பலரும் தடுக்கி விழுவார்கள். கோணம் என்பது வெளிச்சத்துக்கும் அட்டைக்கும் நடுவே இருப்பது, அதாவது டார்ச்சிலிருந்து வரும் கோட்டை 0 என்று வைத்து அளக்க வேண்டும். மாற்றி அளந்தால் துருவத்துக்கு உச்சி வெயில் வந்துவிடும்! அப்புறம், டார்ச்சைத் தொடவே கூடாது, திருப்ப வேண்டியது அட்டையைத்தான், அதன் நடுப்பகுதி எப்போதும் புள்ளியின் மேலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் தூரமும் மாறி, எதனால் வெளிச்சம் மங்கியது என்றே தெரியாமல் போகும்.

படி 3: தாளைக் குறுக்குவாட்டில் அட்டையில் செருகி ஒவ்வொரு கோட்டிலும் நிறுத்தி, விளக்கை அணைத்துவிட்டு, ஒளி விழும் இடத்தை வரைந்து கட்டங்களை எண்ணுங்கள்.

90 டிகிரி, மார்ச் 21 வாக்கில் சிங்கப்பூரின் நடுப்பகல். 30 டிகிரி, அதே நாள் ஆஸ்லோ: அதே வெளிச்சம் இரண்டு மடங்கு இடத்தில் பரவும். 12 டிகிரி, வட துருவத்துக்கு அருகே நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் உள்ள லாங்யர்பியன் ஊர்: கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. டார்ச் வெளிச்சம் விரிந்துகொண்டே போவதால் உங்கள் கணக்கில் இன்னும் கூட வரும், கவலை வேண்டாம்.

சிங்கப்பூரில் இந்தக் கோணம் வருஷம் முழுக்க அதிகம் இறங்காது, அதனால் மிகச் சூடான மாதத்துக்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் சராசரியில் 2 டிகிரிதான் வித்தியாசம். சூடான ஈரக் காற்று மேலே ஏறிக் கொட்டுவதால் ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை. லாங்யர்பியனில் 200 மி.மீ. சுமாருக்குத்தான். அங்கே அக்டோபர் கடைசியில் போகும் சூரியன் பிப்ரவரி நடுவில்தான் எட்டிப் பார்க்கும்.

பின்சேர்க்கை: "கோடையில் துருவத்தில் 24 மணி நேரமும் வெயில் ஆயிற்றே, அப்போதாவது சுட வேண்டாமா?" என்று கமெண்டில் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஜூன் 21 வாக்கில், வளிமண்டலத்தின் உச்சியில் ஒரு நாளில் சேரும் வெயில் பூமத்திய ரேகையைவிட வட துருவத்தில்தான் அதிகம். ஆனால் புதுப்பனி விழும் வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும், மிச்சத்தில் பெரும்பகுதி பனியை உருக்கவே போய்விடும். தென் துருவத்துக்கு இன்னொரு தொல்லை, அது 2,800 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது.

இதையும் செய்து பார்க்கலாம்: மொட்டைமாடியில் ஒரு வெள்ளைத் தாள், ஒரு கருப்புத் தாள், இரண்டுக்கும் அடியில் ஒவ்வொரு தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை மட்டும் வைக்காதீர்கள், அது 42, 43 டிகிரியோடு நின்றுவிடும். 100 டிகிரி வரை காட்டும் லேப் தெர்மாமீட்டர்தான் சரி.