அடுத்தடுத்த எண்கள் பற்றிய வாக்கியக் கணக்குகள்: சமன்பாடு அமைப்பது எப்படி?

"மூன்று அடுத்தடுத்த முழுக்களின் கூடுதல் 72. அவை யாவை?" (முழுக்கள் என்றால் −2, −1, 0, 1, 2 போன்ற பின்னமில்லாத எண்கள்.) கண்டுபிடிக்க வேண்டியது மூன்று எண்கள்தான், ஆனால் மூன்று எழுத்துகள் வேண்டாம். முதல் எண் கிடைத்துவிட்டால் மற்ற இரண்டும் தானே வந்துவிடும்.

படி 1: எண்களை எழுதுங்கள். சிறிய எண் = அ என்று தாளில் முழுதாக எழுதிவிட்டு, அடுத்தவற்றை அ + 1, அ + 2 என வரிசையாகப் போடுங்கள். ஒற்றைப்படை எண்கள் என்றால் அ, அ + 2, அ + 4. இரட்டைப்படைக்கும் இதேதான். ஒற்றைப்படை என்றதும் அ + 1, அ + 3 என்று எழுதத் தோன்றும். ஆனால் 15 உடன் 1 கூட்டினால் 16 அல்லவா வரும்? இடைவெளி இரண்டுக்குமே 2தான்.

படி 2: சமன்பாடு அமைத்துத் தீருங்கள். அ + (அ + 1) + (அ + 2) = 72. அதாவது 3அ + 3 = 72, 3அ = 69, அ = 23. விடை 23, 24, 25. வெறும் 23 என்று எழுதி நிறுத்திவிட வேண்டாம், கேட்டது மூன்று எண்கள்.

கூடுதல் மட்டும் கொடுத்திருந்தால் கணக்கு சுலபம். சிக்கல் இப்படி வரும்போதுதான்: "மூன்று அடுத்தடுத்த ஒற்றைப்படை எண்களில், சிறியதன் 3 மடங்கு பெரியதன் 2 மடங்கைவிட 7 அதிகம்."

சிறியது அ, பெரியது அ + 4. எது அதிகம்? 3அ. அப்படியானால் 7ஐக் குறைவான பக்கத்தில் கூட்டினால்தான் இரு பக்கமும் சமமாகும்:

3அ = 2(அ + 4) + 7
3அ = 2அ + 15
அ = 15

எண்கள் 15, 17, 19.

இதில் தவறு இரண்டு இடங்களில் நேரும். அடைப்புக்குறியை மறந்து 2அ + 4 + 7 என்று எழுதினால் அ = 11. "அதிகம்" என்ற சொல்லைப் பார்த்ததும் 7ஐ 3அ பக்கம் சேர்த்தால் அ = 1. இரண்டுமே ஒற்றைப்படை என்பதால் பார்வைக்குச் சந்தேகமே வராது!

படி 3: சரிபாருங்கள். சமன்பாட்டில் அல்ல, வினாவின் வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். சமன்பாடே தப்பென்றால் தப்பான விடையும் அதில் பொருந்தும். 15இன் 3 மடங்கு 45, 19இன் 2 மடங்கு 38, வித்தியாசம் 7. சரி.

அ பின்னமாக வந்தால் சமன்பாட்டை மறுபடி பாருங்கள். அது சரியாக இருந்தால் அப்படி எண்களே இல்லை என்று பொருள். நான்கு அடுத்தடுத்த முழுக்களின் கூடுதல் 4அ + 6. அது 100 ஆக முடியாது, ஏனென்றால் 4ஆல் வகுத்தால் எப்போதும் 2 மீதி வரும்.

எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் நடு எண்ணை அ என்று வைப்பது இன்னும் வசதி. ஐந்து அடுத்தடுத்த முழுக்களின் கூடுதல் −35 என்றால்: அ − 2, அ − 1, அ, அ + 1, அ + 2. கூட்டும்போது மற்றவை அடிபட்டு 5அ = −35 மட்டும் மிஞ்சும். அ = −7; எண்கள் −9, −8, −7, −6, −5. இதில் பெரியது −5, −9 அல்ல.

பெருக்கற்பலன் கொடுத்திருந்தால் இருபடிச் சமன்பாடு வரும். இரண்டு அடுத்தடுத்த முழுக்களின் பெருக்கற்பலன் 56: அ(அ + 1) = 56, அ² + அ − 56 = 0, அதாவது (அ + 8)(அ − 7) = 0. அ = 7 எனில் 7, 8. அ = −8 எனில் −8, −7; அடுத்த எண் −9 என்று எழுதினால் பெருக்கற்பலன் 72 ஆகிவிடும். வினாவில் "முழுக்கள்" என்றிருந்தால் இரண்டு ஜோடியையும் எழுதுங்கள். "இயல் எண்கள்" (1, 2, 3, ...) என்றிருந்தால் 7, 8 மட்டும்.