ஊழியர் பரிந்துரையில் ஆள் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊழியர்களே தங்களுக்குத் தெரிந்தவர்களைக் காலியிடத்துக்குச் சொல்வதுதான் ஊழியர் பரிந்துரைத் திட்டம். மனிதவளத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதை ஒரே மாதிரித்தான் தொடங்குகிறார்கள். எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல், சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு சுவரொட்டி, அதில் கொட்டை எழுத்தில் ஊக்கத்தொகை. ஒரு காலத்தில் நானும் இதே வழியில் போனவன் என்பதால் அடுத்து நடக்கப்போவது தெரியும். முதலில் விண்ணப்பங்கள் குவியும். சில மாதங்களில் ஒன்றுகூட வராது. பரிந்துரையில் வந்தவருக்கும் முறையான நேர்காணல் வேண்டும், உறவினரை உறவினருக்குக் கீழே அமர்த்தக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. அவற்றை விட்டுவிடுகிறேன்.

"யாராவது இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்பது

இப்படிக் கேட்டால் வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒன்றுவிட்ட தம்பியின் பெயர்தான் வரும். ஒருவரைத் தனியாக உட்காரவைத்து, "முன்பு வேலை பார்த்த இடத்தில் மாதக் கடைசியில் கணக்கு ஒத்துவராவிட்டால் எல்லோரும் யாரைத் தேடிப் போவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் ஒரு பெயர் வந்து விழும். அந்த ஆள் அநேகமாக வேலை தேடிக்கொண்டிருக்கமாட்டார். உங்கள் விளம்பரம் அவர் கண்ணில் படவே படாது. பரிந்துரைத் திட்டம் வைத்திருப்பதே அப்படிப்பட்டவரை எட்டிப் பிடிக்கத்தான்.

பரிந்துரைத்தவரிடம் வாய் திறக்காமல் இருப்பது

இதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் மூத்த மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார். அவர் கைகாட்டியவர்கள் யாரும் சோடை போனதில்லை. ஒருமுறை தன் பழைய சக ஊழியர் ஒருவரை வற்புறுத்தி விண்ணப்பிக்கவைத்தார். நண்பர் நல்ல அனுபவசாலி. ஒரு வாரம் கழித்து மேற்பார்வையாளர் மனிதவளத் துறையில் விசாரித்தார். "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்றார்கள். மறுவாரமும் அதே பதில். நண்பரோ மாலையானால் தொலைபேசியில் கூப்பிடுகிறார். என்ன சொல்வதென்று தெரியாமல் இவர் அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டார். இதற்கிடையில் அந்த இடத்தை உள்ளேயே ஒருவருக்குக் கொடுக்க மேலாளர் முடிவு செய்துவிட்டார். அதை இவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை இரவு நண்பருக்கு, "தங்கள் தகுதிகள் எமது தேவைக்குப் பொருந்தவில்லை" என்று கணினி தானாக அனுப்பிய மின்னஞ்சல் போனது. அவர் அதை ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் அப்படியே இவருக்கு அனுப்பிவைத்தார்.

மேற்பார்வையாளர் சண்டைக்கு வரவில்லை. அடுத்த காலியிடத்துக்கு ஆள் கேட்டபோது, "எனக்கு யாரையும் தெரியாதே" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அந்தத் தொழிலில் பாதிப் பேரைத் தெரிந்தவர்! அவரோடு இருந்தவர்களும் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். நிர்வாகம் கண்டுபிடித்த மருந்து என்ன தெரியுமா? ஊக்கத்தொகையை இரட்டிப்பாக்கியது. விண்ணப்பங்கள் மீண்டும் வந்தன, எங்கோ ஒருமுறை பார்த்தவர்களுடையவை.

ஒருவரைப் பரிந்துரைக்கும் ஊழியர் இரண்டு பக்கமும் தன் பெயரைப் பணயம் வைக்கிறார். அதற்கு ஈடாக அவர் எதிர்பார்ப்பது தகவல் மட்டும்தான். விண்ணப்பம் கிடைத்ததை அன்றே சொல்லுங்கள். நேர்காணல் உண்டா இல்லையா என்பதை ஒரு வாரத்துக்குள் சொல்லுங்கள். பணியிடமே நிறுத்திவைக்கப்பட்டால் அதையும் மறைக்காதீர்கள். எடுக்கவில்லை என்றால் முதலில் விண்ணப்பதாரரிடம் நேரடியாகத் தொலைபேசியில் பேசுங்கள். அதே நாளில் பரிந்துரைத்தவரிடமும் தெரிவியுங்கள். ஆனால் அவரிடம் விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நேர்காணலில் எப்படிப் பேசினார், எவ்வளவு சம்பளம் கேட்டார் என்பதெல்லாம் விண்ணப்பதாரரின் சொந்த விஷயம். இத்தனைக்கும் கைபோதாது என்றால், ஆள் கிடைக்காத சில பதவிகளுக்கு மட்டும் திட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

நெருங்கிய நண்பர்களோடு நின்றுவிடுவது

சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களைப் பற்றிய கணக்கு ஒன்று இருக்கிறது. உதவியவரை அடிக்கடி சந்தித்துவந்தவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 சதவீதம், அரிதாகச் சந்தித்தவர்கள் 27.8 சதவீதம். நெருங்கிய வட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தியே சுற்றிச் சுற்றி வரும். புதிய செய்தி தள்ளி இருப்பவரிடமிருந்துதான் வரும். ஆகவே ஊழியர்களைப் பழைய திட்டப்பணிகளில், பயிற்சி வகுப்புகளில் உடனிருந்தவர்களை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். படிவத்தில் "எவ்வளவு காலமாகத் தெரியும்?" என்ற கேள்வியை எடுத்துவிட்டு, "இவர் செய்த எந்த வேலையை நேரில் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். நண்பருக்காக ஒப்புக்குப் பரிந்துரைப்பவர் அங்கேயே திணறிவிடுவார்.

பரிந்துரையை மட்டுமே நம்பியிருப்பது

ஒரே கல்லூரியில் படித்தவர்களால் ஒரு குழுவே நிரம்பிவிடும். பொது விளம்பரத்தையும் கூடவே வெளியிடுங்கள்.

ஊக்கத்தொகையை இழுத்தடிப்பது

யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் என்று எழுதி வைத்து, அதன்படி கொடுங்கள்.

சேர்ந்தவர் சரியில்லை என்றால் பரிந்துரைத்தவரைக் கேட்பது

நேர்காணல் செய்து எடுத்தது நீங்கள். "உங்கள் ஆள் இப்படிச் செய்துவிட்டாரே" என்று அவரிடம் போய் நிற்காதீர்கள்.