பெரிய கோயிலை மாலையில் படம் எடுக்க

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு மாலையில் கேமராவோடு போகிறீர்கள் என்றால், வாசல் பக்கமே நிற்காமல் விமானத்துக்கு, அதாவது கருவறைக்கு மேலே எழும் கோபுரத்துக்குப் பின்னால், மேற்குத் திருச்சுற்றுக்கு (பிராகாரத்துக்கு) போய்விடுங்கள். கோயில் கிழக்குப் பார்த்தது. சாயங்கால வெயில் பின்பக்கக் கல்லில்தான் விழும், அந்தப் பொன்னிறம் அவ்வளவு அழகு! நந்தி பக்கமிருந்து எடுத்தால் சூரியன் எதிரே இருக்கும், சுமார் 216 அடி உயர விமானமும் படத்தில் கறுத்துப்போகும். காலையில் நேர்மாறு, முன்பக்கம்தான் சரி. அப்புறம், போனை அண்ணாந்து பிடித்தால் விமானம் சாய்ந்தது போலத் தெரியும். திருச்சுற்றின் மூலைவரை நகர்ந்து நேராகப் பிடியுங்கள். தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் கோயில்களும் கிழக்குப் பார்த்தவைதான், அங்கேயும் இதே கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடியிருந்தால் மட்டும் எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றுதான்.