வாசல் உத்தரத்தில் வண்டு குடியேறினால்

ஏற்காட்டில் என் மாமியார் வீட்டுத் திண்ணைக்கு மேலே பெயின்ட் அடிக்காத பழைய மரச்சட்டங்கள். ஒரு மார்ச் மாதம், காபி பூத்திருந்த நேரம். காலையில் பெருக்கிய இடத்தில் மத்தியானம் மறுபடி ரவை கொட்டினாற்போல மரத்தூள். அண்ணாந்து பார்த்தால் சட்டத்தின் அடிப்பக்கம் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு அச்சு வார்த்த மாதிரி ஒரு வட்ட ஓட்டை. காதை வைத்தால் உள்ளே கரகரவென்று சத்தம்.

"கரையானா இருக்கும் கண்ணு, மண்ணெண்ணெய் ஊத்தி உடு" என்றார் அத்தை. கரையான் இல்லை. சுண்டுவிரல் தடிமனில் கன்னங்கரேலென்று ஒரு வண்டு, நீலம் மினுங்கும் இறக்கையோடு பின்பக்கமாக நகர்ந்து தூளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது.

செல்போனில் தேடினேன். பம்பிள்பீ என்றது. இங்கேதான் முதல் தவறு. பம்பிள்பீ குளிர்ப் பிரதேசத்துப் பூச்சி. நம் நாட்டில் இமயமலைப் பக்கமும் வடகிழக்கிலும்தான் உண்டு, சேர்வராயன் மலையில் கிடையாது. அது எலி வளை மாதிரி இடங்களில் ராணியும் வேலைக்காரிகளுமாகக் கூட்டமாக வாழும், குளிர்காலத்துக்கு முன்பே அந்தக் கூட்டம் அழிந்துவிடும். அதற்கு எழுதிய யோசனையை நம் வீட்டு வண்டுக்குச் செய்தால் ஒன்றும் பொருந்தாது. நம்முடையது மரம் துளைக்கும் தச்சுத் தேனீ. அடையாளம் சுலபம்: பம்பிள்பீக்கு வயிறெல்லாம் மயிர், இதற்கு வயிற்றின் மேல்பக்கம் எண்ணெய் தடவியது போல வழவழவென்று இருக்கும். கூட்டம் கிடையாது, பெரும்பாலும் ஒரு தாய் தனியாகப் பாடுபடும்.

அடுத்த தவறை நானே செய்தேன். ஆசாரி மீதம் வைத்துப்போன மரப்புட்டியை ஓட்டையில் அப்பி அடைத்துவிட்டேன். சில வாரம் கழித்து இரண்டு அங்குலம் தள்ளி இன்னொரு ஓட்டை! உள்ளே நடப்பது தெரிந்திருந்தால் அந்த வேலையைச் செய்திருக்க மாட்டேன். வண்டு மரத்தைத் தின்பதில்லை. நேரே மேலே குடைந்து, பிறகு மரத்தின் நார் ஓடும் திசையில் திரும்பி ஒரு சுரங்கம் போடும். கடைசியில் மகரந்தமும் தேனும் பிசைந்த ஓர் உருண்டை, அதன்மேல் ஒரு முட்டை, மரத்தூளால் ஒரு தடுப்பு. அப்புறம் அடுத்த உருண்டை, அடுத்த முட்டை. ரயில் பெட்டி மாதிரி வரிசையாக அறைகள். வாசலை நாம் மூடினால், உள்ளே வளர்ந்த பிள்ளைகள் புது வாசல் வெட்டிக்கொண்டு வரப் பார்க்கும். முடியாதவை உள்ளேயே சாகும். மரத்துக்கும் நஷ்டம், வண்டுக்கும் நஷ்டம்.

ஒன்றிரண்டு ஓட்டையால் உத்தரம் விழுந்துவிடாது. இரண்டு மாதம் போல விட்டுவிடுங்கள். பிறகு ஒரு சாயங்காலம் ஓட்டையின் மேல் மெல்லிய காகிதத்தை ஒட்டி வையுங்கள். ஒரு வாரம் கிழியாமல் இருந்தால் காலி என்று எடுத்துக்கொள்ளலாம். மரஆப்பு அடித்து, புட்டி வைத்து, சட்டம் முழுக்கப் பெயின்டோ வார்னிஷோ அடிக்க வேண்டும். அடிக்காமல் விட்டால் அடுத்த வருஷமும் வரும். வெறும் மரம்தான் அதற்கு இஷ்டம், பழைய சுரங்கம் கிடைத்தால் இன்னும் இஷ்டம். கூடவே ஒருபக்கம் கணு அடைத்த காய்ந்த மூங்கில் துண்டுகளைக் கட்டாகக் கட்டி, மழை படாத இடத்தில் படுக்கைவாட்டில் தொங்கவிடுங்கள். துளை ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும்.

முகத்துக்கு நேரே வந்து மிரட்டுகிறதே என்று கொசு பேட்டால் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி மிரட்டுவது ஆண். அதற்குக் கொடுக்கே இல்லை! பெண் கொட்டும்தான், ஆனால் கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய அதற்கு நேரமில்லை. தோட்டத்தில் கத்தரியும் தக்காளியும் வைத்திருப்பவர்கள் அடிக்கவே கூடாது. அந்தப் பூக்களில் மகரந்தம் குழாய்க்குள் அடைபட்டிருக்கும். இந்த வண்டு பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைத்து அதைக் கொட்டவைக்கும். ஆவாரம்பூவிலும் இதே வேலைதான். அடை கட்டும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது.

சேலத்துக்கு இறங்கினால் கதை வேறு. அடுக்குமாடித் தண்ணீர்த்தொட்டியின் அடியில் முறம் போலத் தொங்குவது மலைத்தேனீயின் அடை. இதில் தவறு செய்தால் உயிரே போகும். தீப்பந்தம் பிடிப்பது, கல் விடுவது, மண்ணெண்ணெய் அடிப்பது எதுவும் வேண்டாம். ஒன்று கொட்டினாலே அந்த இடத்திலிருந்து வாழைப்பழ வாசனை மாதிரி ஒரு நெடி கிளம்பி மற்றவற்றைக் கூப்பிடும். கையை வீசாமல் ஓடி வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்துங்கள். தண்ணீரில் குதித்தால் தலையைத் தூக்கும்வரை மேலேயே காத்திருக்கும். எட்டாத உயரத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். பூக்காலம் முடிந்தால் தானே இடம் மாறிவிடும். அதுவரை அடைக்குப் பக்கத்தில் இரவில் டியூப்லைட் எரியவேண்டாம், வெளிச்சத்துக்கு வரும். மாடிப்படிக்கு நேரே கட்டியிருந்தால் தேன் எடுத்துப் பழகியவர்களையோ, தீயணைப்பு நிலையத்தையோ (101) கூப்பிடுங்கள்.

அடை கட்டும் தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே நிற்கும்; சுண்ணாம்பு தேடிப் போகாமல் நகத்தால் உடனே சுரண்டி எடுத்துவிட்டு ஐஸ் வையுங்கள். மூச்சு இழுத்தாலோ, முகம் வீங்கினாலோ, ஏகப்பட்ட இடத்தில் கொட்டியிருந்தாலோ 108தான்.

எலுமிச்சைச் செடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கொம்புத்தேனீ கட்டியிருந்தால், கொஞ்சம் தேனுக்காக அதை ஒடிக்காதீர்கள். மீட்டர் பெட்டியில் பிசின் குழாய் நீட்டியிருக்கும் கொசுத்தேனீக்குக் கொட்டவே தெரியாது, அதை அடைக்கவும் வேண்டாம். சுவர்ப் பொந்தில் அடுக்கடுக்காகக் கட்டும் தேனீயைப் பழகியவர் பெட்டிக்கு மாற்றித் தருவார். கதண்டு மட்டும் வேறு சாதி, பெரிய குளவி, தேனீயே இல்லை. அதன் கூட்டைப் பார்த்தால் வீரம் காட்டாமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

அத்தை வீட்டு மாட்டுக்கொட்டகை ஓரம் தொங்கும் எட்டு மூங்கிலில் இப்போது மூன்றில் குடித்தனம். திண்ணைச் சட்டத்துக்குப் போன வருஷம் வார்னிஷ் அடித்தாகிவிட்டது. மூங்கிலுக்கு நேர்கீழே மிளகு காயவைத்திருந்த முறத்தில் தூள் விழுகிறது என்று அத்தை முணுமுணுத்தார். மறுநாள் போனபோது முறம் இரண்டடி தள்ளி இருந்தது.