சுடலாமா, விடலாமா? மான் வேட்டையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக லைசென்ஸ் எடுத்து வேட்டைக்கு வருகிறவர்களோடு சீசன்தோறும் பரணில் உட்காருகிறேன். ரைஃபிளை நன்றாகவே பிடிக்கிறார்கள். பயிற்சித் திடலில் 100 மீட்டரில் அட்டையின் நடுவில் அடிக்கிறார்கள். மான் வந்து நின்றதும்தான் எல்லாம் குழம்பிப் போகிறது. நாங்கள் புதியவர்களாக இருந்தபோது செய்த அதே தவறுகளை, அதே சாக்குகளைச் சொல்லிச் செய்கிறார்கள்.

ரைஃபிளின் பாதுகாப்புப் பூட்டை (சேஃப்டி) நீக்க மறப்பது, காற்றின் திசை பார்க்காமல் உட்காருவது, சட்டைப் பையில் போன் அலறுவது இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் தானாகத் திருந்திவிடுவார்கள். சுடுவதா விடுவதா என்று முடிவெடுக்கும் அந்தச் சில நொடிகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. உதாரணங்களுக்கு வட அமெரிக்காவின் வெள்ளைவால் மானை எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலானவை மற்ற மான்களுக்கும் பொருந்தும்.

மான் வந்த பிறகு யோசிப்பது

மானைக் கண்டதும் நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், கை நடுங்கும். அந்த நிலையில் யாராலும் நிதானமாகக் கணக்குப் போட முடியாது. அதனால் கணக்கை முன்பே முடித்துவிட வேண்டும். பரணில் ஏறியதும் சுற்றியுள்ள மரம், பாறை, புதர் ஒவ்வொன்றும் எத்தனை மீட்டர் என்று ரேஞ்ச்ஃபைண்டரில் பார்த்து மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ‘அந்தப் பாறைக்கு அப்பால் நின்றால் சுடமாட்டேன்’ என்று அப்போதே தீர்மானியுங்கள். பெர்மிட் எந்த மானுக்கு, வெளிச்சம் எதுவரை போதும், எந்தக் கோணத்தில் நின்றால் சுடலாம் என்பதும் அப்போதே முடிவாகிவிட வேண்டும். மான் வந்த பிறகு உங்களுக்கு ஒரே வேலைதான்: அது அந்த முடிவுக்குள் நிற்கிறதா இல்லையா என்று பார்ப்பது.

கோணம் சரியில்லாமல் சுடுவது

இதைப் பற்றித்தான் எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

மான் பக்கவாட்டில் நின்றால், முன்னங்காலை ஒட்டிய பின்பகுதியில், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் குண்டு நுழைய வேண்டும். இரண்டு நுரையீரலையும் கிழித்துக்கொண்டு போகும். அப்படிப் பட்ட மான் பெரும்பாலும் 100 மீட்டருக்குள் விழுந்துவிடும். அந்த முக்கியப் பகுதியின் அளவு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர்தான். மான் நமக்கு முதுகைக் காட்டுகிற மாதிரி சற்றே விலகித் திரும்பி நின்றாலும் பரவாயில்லை. அந்தப் பக்கத்து முன்னங்காலை மனதில் குறித்து, அதற்கு நேராக இந்தப் பக்க விலாவில் சுட்டால் குண்டு சரியாகப் போய்ச் சேரும்.

நம்மை நோக்கிச் சாய்வாக நிற்கும் மான்தான் ஆளை ஏமாற்றும். நெஞ்சு நமக்கு நேராகத் தெரியும், தூரமும் குறைவாக இருக்கும். ஆனால் முன்சப்பை எலும்பு குறுக்கே நிற்கிறது. வழக்கப்படி முன்னங்காலுக்குப் பின்னால் குறி வைத்தால், குண்டு ஒரு நுரையீரலின் ஓரத்தைத் தொட்டு, ஈரலையும் இரைப்பையையும் துளைத்துக் குடல் வழியாக வெளியேறும். மான் விழாது. முதுகைக் கூனிக்கொண்டு மெதுவாக நடந்து போய்விடும்.

என்னோடு வந்த ஓர் இளைஞர் அப்படித்தான் சுட்டார். கிளைக்கொம்புள்ள ஆண் மான், 80 மீட்டருக்குள், மேய்ந்துகொண்டே எங்களை நோக்கி வந்தது. “இருங்க, திரும்பட்டும்” என்று காதோரம் சொன்னேன். “திரும்பினா போயிடும் அண்ணே” என்று சொல்லி முடிப்பதற்குள் சுட்டுவிட்டார். மேய்கிற மான் ஒரே பக்கம் பார்த்து நிற்பதே கிடையாது. இரண்டு வாய் புல்லுக்கு ஒருமுறை உடம்பைத் திருப்பும். ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் அதுவே பக்கவாட்டைக் காட்டியிருக்கும்.

சுட்டதோடு நிற்கவில்லை. உடனே இறங்கித் தேடிப் போக வேண்டும் என்று அடம்பிடித்தார். நான் தடுப்பதற்குள் மான் படுத்திருந்த புதர்வரை போய் அதைக் கிளப்பிவிட்டார். நுரையீரலில் பட்டால் ரத்தம் இளஞ்சிவப்பாக நுரைத்திருக்கும். அரை மணி நேரம் பொறுத்துப் பின்தொடர்ந்தால் போதும். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல், குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பச்சையும் பழுப்புமாகச் சக்கை கலந்து நாற்றம் வந்தால் இரைப்பை அல்லது குடல். அப்போது 8 முதல் 12 மணி நேரம். தொந்தரவு செய்யாவிட்டால் அது பக்கத்திலேயே படுத்து அங்கேயே இறந்துவிடும். கிளப்பிவிட்டால் கிலோமீட்டர் கணக்கில் போகும். கொழுப்பும் குடலும் காயத்தை அடைத்துக்கொள்வதால் ரத்தத் தடமும் கிடைக்காது. எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் இலையில் ஒட்டியிருந்த பச்சைச் சக்கை கொஞ்சம்தான். மறுநாள் பிற்பகல் ஓடைக்கரை நாணலில் மானைக் கண்டுபிடித்தோம். வயிறு உப்பி, இறைச்சி கெட்டுப் போயிருந்தது.

அன்றிரவு அவர் சொன்னது ஒன்று இன்னும் காதில் ஒலிக்கிறது. “சின்னக் காயம்தான், பிழைச்சுக்கும்.” குடலில் குண்டு வாங்கிய மான் பிழைப்பது மிக அபூர்வம். மணிக்கணக்கில் வேதனைப்பட்டுத்தான் சாகும். இதைத் தெரியாமல் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தெரிந்தும் மனதைத் தேற்றிக்கொள்ளச் சொல்கிறவர்களைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. “என்னிடம் மேக்னம் (அதிக வீரியமுள்ள தோட்டா) இருக்கிறது, எந்தக் கோணத்திலும் ஊடுருவும்” என்கிறவர்களும் உண்டு. ஊடுருவுவது வேறு, ஊடுருவ வேண்டிய இடத்தில் ஊடுருவுவது வேறு. பெரிய குண்டானாலும் குடலில் பட்டால் குடல் காயம்தான்.

நம்மை நோக்கிச் சாய்வாக நிற்கிறதா? காத்திருங்கள். திரும்பாமலே போய்விட்டதா? போகட்டும். நேர் பின்பக்கத்திலிருந்து சுடுவது எந்த நிலையிலும் கிடையாது.

பரண் உயரமாக இருந்து மான் நேர் கீழே வந்துவிட்டாலும் இதே சிக்கல்தான். மேலிருந்து செங்குத்தாகப் போகும் குண்டோ அம்போ ஒரு நுரையீரலை மட்டும்தான் தொடும். நாலு எட்டு தள்ளிப் போகும்வரை பொறுத்திருங்கள்.

தனியாக வந்த ‘பெண் மான்’

கொம்பில்லாத மானுக்குப் பெர்மிட் வைத்திருப்பவர்கள் அடிக்கடி செய்வது. மாலையில் திறந்த வெளிக்குத் தனியாக, பயமில்லாமல் முதலில் வருகிற கொம்பில்லாத மான் பல நேரங்களில் அந்த வருடம் பிறந்த ஆண் குட்டிதான். நின்று பாருங்கள். குட்டியின் உடம்பு சதுரமாக இருக்கும், முகம் குட்டையாக இருக்கும். வளர்ந்த பெண் மானுக்கு உடம்பு நீள்சதுரம், முகமும் கழுத்தும் நீளம். தலையைத் தாழ்த்தும்போது காதுகளுக்கு நடுவே பாருங்கள்: பெண்ணுக்கு உச்சி உருண்டிருக்கும், ஆண் குட்டிக்கு அது தட்டையாக, கொம்பு முளைக்கும் இடத்தில் இரண்டு சிறு புடைப்புகளோடு இருக்கும். அளவு ஒப்பிட இன்னொரு மான் வரும்வரை காத்திருப்பது எல்லாவற்றையும்விட நல்லது. தனியாக நிற்கும் மானின் பருமனை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

கொம்பைப் பார்த்து வயது சொல்வது

கொம்பு வயதை மட்டுமல்ல, தீனியையும் பரம்பரையையும் பொறுத்தது. நல்ல தீனி கிடைத்த ஒன்றரை வயது மானுக்கும் அழகான கொம்பு வரும். வயது தெரிய வேண்டுமென்றால் உடம்பைப் பாருங்கள். இளம் மானுக்குக் கால்கள் உடம்புக்கு அதிக நீளமாகத் தோன்றும், வயிறு ஒட்டியிருக்கும், கழுத்து மெலிந்திருக்கும். கொம்பை மறைத்துவிட்டுப் பார்த்தால் பெண் மான் மாதிரியே இருக்கும். முதிர்ந்த மானுக்கு நெஞ்சு ஆழமாகும், கால்கள் குட்டையாகத் தெரியும், இணைசேரும் பருவத்தில் கழுத்து வீங்கி நெஞ்சோடு ஒன்றாகிவிடும். வளர்ந்த மான்களை மட்டும் எடுப்பது என்று உங்கள் குழு முடிவு செய்திருந்தால், கொம்பைக் கடைசியாகப் பாருங்கள். பார்த்துவிட்டால் அப்புறம் வேறெதுவும் கண்ணில் படாது.

ஸ்கோப்பில் தேடுவது

கூடாது. ஸ்கோப் ரைஃபிளின் மேல் இருக்கிறது, அதில் தேடினால் குழலும் அங்கேதான் நீளும். புதருக்குள் அசைவது மனிதனாக இருக்கலாம். பைனாகுலர் எதற்கு இருக்கிறது?

மேட்டின் உச்சியில் வானத்தை ஒட்டி நிற்கும் மான்

விட்டுவிடுங்கள். குண்டைத் தடுக்கப் பின்னால் மண் இல்லை. தவறிய ரைஃபிள் குண்டு 3 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது.

விழித்துக்கொண்ட மான் மேல் அம்பு விடுவது

நல்ல வில்லில் அம்பு நொடிக்கு 90 மீட்டர் வேகத்தில் போகும். ஒலி 340 மீட்டர். 35 மீட்டர் தூரத்தில் நாணின் சத்தம் 0.1 நொடியில் மானை எட்டிவிடும், அம்பு எட்ட 0.4 நொடி ஆகும். அந்த இடைவெளியில் மான் பாய்வதற்காக உடம்பைத் தாழ்த்தினால் அம்பு முதுகுக்கு மேலே போகும், அல்லது முதுகில் பட்டுக் காயமாகும். தலை நிமிர்ந்து, காதுகள் முன்னே குவிந்து, முன்னங்காலால் தரையைத் தட்டுகிற மான் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. அது மறுபடி மேயத் தொடங்கும்வரை நாணை இழுக்காதீர்கள். மேயவில்லையென்றால் அன்றைக்கு அது உங்களுக்கு இல்லை.

எப்படி எடுத்து வருவது என்று யோசிக்காதது

எல்க் என்ற பெரிய மான் இனத்தில் வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். வண்டி போகாத பள்ளத்தாக்கின் மறுசரிவில், வெயில் நாளில், தனி ஆளாக அதைச் சுட்டால் பாதி இறைச்சி கெட்டுவிடும். அனுமதியில்லாத நிலத்தின் வேலியோரம் நிற்கும் மானும் அப்படித்தான். அடிபட்டு அந்தப் பக்கம் ஓடினால் என்ன செய்வீர்கள்? பல இடங்களில் சூரியன் மறைந்த பிறகு அரை மணி நேரம்வரை சுடச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அதன்பிறகு ரத்தத் தடத்தை இருட்டில்தான் தேட வேண்டும். சீசனின் கடைசி மாலையில்தான் இதையெல்லாம் எல்லோரும் மறக்கிறார்கள். முதல் நாள் விட்டிருக்கக்கூடிய மானைக் கடைசி நாள் அரைவெளிச்சத்தில் சுடுகிறார்கள்.

பக்கத்தில் இருந்துகொண்டு ‘சுடு, சுடு’ என்பது

இது அனுபவசாலிகளுக்கு. புதியவர் தயங்குகிறார் என்றால் அவர் கண்ணுக்கு ஏதோ சரியாகப் படவில்லை. முடிவு ரைஃபிளைப் பிடித்திருப்பவருடையது என்று கிளம்பும்போதே பேசிக்கொள்ளுங்கள். ‘பொறு’ என்று சொல்லலாம், ‘சுடு’ என்று சொல்லக்கூடாது. அவர் ஒரு மானை விட்டுவிட்டு வந்தால், இரவு எல்லோர் முன்னிலையிலும் ஏன் விட்டாய் என்று குடையாதீர்கள். மறுநாள் அதற்குப் பதில் சொல்வதற்காகவே சுடுவார்.